வெப்சைட்டும் கடைக்கூடையும்: இரண்டையும் ஒன்றாக இணைப்பது எப்படி?



கூட்டமைப்புக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வரும் பேச்சு, "நம்ம பொருளை நெட்டில் விக்கலாமே" என்பது. தாராளமா விக்கலாம். மசாலாப் பொடி, சிறுதானிய மாவு, பனை ஓலைக் கூடை, சணல் பை என்று நம்மிடம் சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் வெப்சைட் போடுவது ஒரு வேலை, அதில் கடை நடத்துவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒண்ணாக்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மென்பொருளை ஏற்றித் தருவது படிச்ச பிள்ளைங்க வேலையாக இருக்கட்டும். அவர்களிடம் என்ன கேட்கணும், எதைச் சரிபார்க்கணும் என்பது நமக்குத் தெரிஞ்சிருக்கணும். போடுவது குழுக் காசு அல்லவா?

நம்ம குழுவில் தீர்மானப் புத்தகம் இருக்கிறது, இருப்புப் பதிவேடு இருக்கிறது, ரொக்கப் புத்தகமும் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் நடந்ததை எழுதுகிறோம். மற்ற இரண்டிலும் சரக்கும் காசும் எழுதுகிறோம். வெப்சைட்டிலும் இதே கதைதான். குழுவின் வரலாறு, பயிற்சிப் படங்கள், பொருள் செய்யும் விதம் போன்றவற்றை எழுதிப் போடவும் மாற்றவும் உதவுவது ஒரு வகை மென்பொருள். இதை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்பார்கள். 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் இந்த வகைதான். விலை, இருப்பு, ஆர்டர், பணம் ஆகியவற்றைப் பார்ப்பது ஷாப்பிங் கார்ட் மென்பொருள். நாம் கூடை என்றே சொல்லிக்கொள்வோம்.

2000-களில் இந்த இரண்டும் பெரும்பாலும் தனித்தனியாக இருந்தன. ஜூம்லா மாதிரி ஒன்றில் பக்கம் எழுதுவார்கள், ஓஎஸ்காமர்ஸ் மாதிரி இன்னொன்றில் கடை வைப்பார்கள். நடுவில் ஒரு பாலம் போட்டு இணைக்கணும். வாங்க வருபவர் அங்கே ஒரு பாஸ்வேர்டு, இங்கே ஒரு பாஸ்வேர்டு வைக்கணும். ஒரு பக்கத்தில் விலையை மாற்றினால் இன்னொரு பக்கத்தில் பழைய விலையே நிற்கும். இப்போது அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. 2011-ல் வூகாமர்ஸ் என்ற கூடை வந்தது. இது வேர்ட்பிரஸுக்கு உள்ளேயே பொருந்தி உட்காரும். கடை, கூடை, பணம் கட்டும் இடம், என் கணக்கு என்று தேவையான பக்கங்களை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். இரண்டு மென்பொருளுக்கும் விலை கிடையாது. ஆனால் வெப்சைட் பெயருக்கும் அது தங்கும் இடத்துக்கும் வருஷா வருஷம் பணம் கட்டணும். "எல்லாமே இலவசம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

இனி இருப்புக்கு வருவோம். பொருளைப் பதியும்போது பெயர், விலை, எடை, கைவசம் உள்ள எண்ணிக்கை எல்லாம் போடுகிறோம். 20 பாக்கெட் மிளகாய்ப்பொடி என்று போட்டு, இருப்பைக் கணக்கு வைக்கச் சொன்னால், ஆர்டர் வரவர அதுவே குறைத்துக்கொள்ளும். தீர்ந்ததும் "இருப்பு இல்லை" என்று காட்டும். ஆனால் சந்தையில் நேரில் 8 பாக்கெட் விற்றதை அது எப்படி அறியும்? யாராவது உட்கார்ந்து குறைத்தால்தான் உண்டு. இந்த வேலைக்கு ஒரு உறுப்பினரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கணும். இல்லாவிட்டால் இல்லாத சரக்குக்குக் காசு வாங்கிவிட்டுப் பதில் சொல்ல முடியாமல் நிற்போம்.

பணம் வரும் வழிதான் மிக முக்கியம். கூடைக்கும் நம்ம வங்கிக் கணக்குக்கும் நடுவில் பேமெண்ட் கேட்வே என்று ஒரு நிறுவனம் இருக்கும. வாங்குபவர் கார்டு எண்ணையும் யுபிஐ-யையும் அந்த நிறுவனத்திடம்தான் தருகிறார், நம்மிடம் இல்லை. கார்டு எண்ணை நாம் எழுதி வைக்கவே கூடாது. அவர்கள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, மீதியைச் சில வேலை நாட்களில் கணக்கில் போடுவார்கள். கட்டணம் 2 சதவீதம் என்று வையுங்கள். 500 ரூபாய்க்கு 10 ரூபாய், அந்த 10 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1 ரூபாய் 80 காசு. கைக்கு வருவது 488 ரூபாய் 20 காசு. விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளணும். கேட்வேயில் கொடுக்கும் கணக்கு கூட்டமைப்பின் பெயரில் உள்ள கணக்காக இருக்கணும். "அவசரத்துக்கு என் கணக்கைப் போட்டுக்கலாம்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒத்துக்கொள்ளாதீங்க.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாங்குபவர் பணம் கட்டிவிட்டார், ஆனால் நம்ம பக்கத்துக்குத் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. பணம் வந்த சேதி வெப்சைட்டுக்கு எப்படித் தெரியும்? கேட்வே பின்பக்கமாக வந்து சொல்லிவிட்டுப் போகும். அதற்கு வெப்ஹூக் என்று பெயர். நம்ம வெப்சைட்டின் வெப்ஹூக் முகவரியைக் கேட்வேயில் பதிந்திருக்கணும். இதை விட்டுவிட்டால் பணம் வந்திருக்கும், ஆர்டரோ "பணம் நிலுவை" என்றே நிற்கும். வூகாமர்ஸில் வழக்கமான ஏற்பாட்டை மாற்றாமல் விட்டால், 60 நிமிடத்தில் அந்த ஆர்டரை ரத்து செய்து சரக்கை வேறொருவருக்கு விட்டுவிடும். வெப்சைட் செய்து தருபவரிடம் "வெப்ஹூக் போட்டாச்சா?" என்று கேளுங்க. கேட்ட கேள்வியிலேயே அவர் நிமிர்ந்து உட்காருவார்!

இன்னொரு இடமும் சிக்கும். பக்கம் சீக்கிரம் திறக்கணும் என்று அதன் நகலை எடுத்து வைத்து, வருகிறவருக்கெல்லாம் அந்த நகலையே காட்டும் ஏற்பாடு உண்டு. அதைக் கேஷ் என்பார்கள். குழு வரலாற்றுப் பக்கத்துக்கு இது நல்லது. கூடை, பணம் கட்டும் இடம், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களுக்கும் கூடவே கூடாது. ஒருவர் கூடையில் போட்டது காணாமல் போகும். அதைவிட மோசம், ஒருவருடைய முகவரியும் போன் நம்பரும் இன்னொருவருக்குத் தெரிந்துவிடலாம். இந்த மூன்றையும் கேஷிலிருந்து விலக்கச் சொல்லுங்கள்.

அனுப்பும் செலவை எடைக்கும் பின்கோடுக்கும் ஏற்பப் பிரித்து வைக்கலாம். அரை கிலோ பொடியைப் பெட்டியில் வைத்தால் எடை அரை கிலோவைத் தாண்டும், தபால் கட்டணமும் அடுத்த படிக்கு ஏறும். அதனால் கட்டிய பிறகு நிறுத்துப் பார்த்த எடையைப் பதியுங்க.

சட்டம் கேட்பதையும் பக்கத்திலேயே காட்டணும். பாக்கெட் பொருளின் நிகர எடை, எம்.ஆர்.பி., செய்தவர் பெயர், முகவரி ஆகியவற்றை நெட்டில் விற்கும்போதும் காட்டணும் என்பது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண் வேண்டும். புகார் யாரிடம் சொல்வது, பொருளைத் திருப்பித் தருவது எப்படி என்பதைச் சொல்லச் சொல்கிறது 2020-ன் மின்வணிக விதி. மாநிலம் தாண்டி விற்றால் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படும். கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி யார் கையில்? வெப்சைட் பெயரை செய்து தருபவரின் பெயரில் வாங்கிவிட்டால், நாளைக்கு அவர் வேறு ஊருக்குப் போனதும் கடையும் அவரோடு போய்விடும். பெயர் கூட்டமைப்பின் மின்னஞ்சலில் பதிவாகி இருக்கணும். வேர்ட்பிரஸில் ஆளுக்கு ஏற்ற அனுமதி தரலாம். செய்தி எழுதுபவருக்கு எடிட்டர், ஆர்டர் பார்ப்பவருக்கு ஷாப் மேனேஜர், முழு அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பு இரண்டே பேருக்கு. நிர்வாகிகள் மாறும் அன்றைக்கே பாஸ்வேர்டையும் மாற்றி, மாற்றியதைத் தீர்மானத்தில் எழுதுங்க. மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தால் முதலில் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நகல் எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஏற்றணும். ஆர்டர் விவரம் முழுக்கத் தரவுத்தளத்தில்தான் இருக்கும், படங்களை மட்டும் நகல் எடுத்தால் பயனில்லை.

கடை திறப்பதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் வைங்க. 10 ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருளைப் பதிந்து, குழுவுக்கு ஒருவர் வீதம் தங்கள் போனிலிருந்தே வாங்கிப் பார்க்கட்டும். இருப்பு குறைந்ததா, பணம் கணக்குக்கு வந்ததா, ஆர்டர் மின்னஞ்சல் வந்ததா என்று மூன்றையும் பாருங்க. ஒரு ஆர்டரை ரத்து செய்து, பணம் திரும்பிப் போகிறதா என்றும் பாருங்க. எல்லாம் சரியாக இருந்தால் சோதனைப் பொருளை நீக்கிவிட்டுக் கடையைத் திறக்கலாம்.