பழைய டீசல் வண்டியின் மேல் ஏன் இத்தனை பற்று?

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் 'பிக்கப்' வண்டி நிற்காத பண்ணை வீட்டைக் காண்பது அரிது. முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி. வைக்கோல் கட்டுகளை ஏற்றலாம். குதிரைகளை ஏற்றிய இழுவண்டியைப் பின்னால் மாட்டி இழுக்கலாம். இவற்றுள் 1989-இலிருந்து 1998 வரை 'டாட்ஜ்' என்ற பெயரில் விற்பனையான ஒரு டீசல் வகைக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. கதவு துருப்பிடித்திருக்கும், இருக்கை கிழிந்திருக்கும். ஆனால் உரிமையாளர் அதை விற்க மாட்டார். உடல் முழுதும் மட்கிப்போனாலும் எஞ்சினைக் கழற்றி வேறொரு வண்டியில் பொருத்திக்கொள்பவர்கள் பலர்.

காரணம் கேட்டால் பெரும்பாலோர் 'எளிமை' என்பார்கள். அந்த எளிமை எங்கே இருக்கிறது? இயற்பியல் வழியாகப் பார்ப்போம்.

அந்த வண்டியின் எஞ்சினைச் செய்தது இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த கம்மின்ஸ் நிறுவனம். உண்மையில் அது பிக்கப் வண்டிக்கென்று பிறந்த எஞ்சினே அல்ல. பண்ணை எந்திரங்களுக்கும் நடுத்தர லாரிகளுக்கும் உருவாக்கப்பட்டது. வரிசையாக ஆறு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு 5.9 லிட்டர், எடை ஏறத்தாழ அரை டன். (இதே குடும்பத்து எஞ்சின்களை டாடா லாரிகளுக்காகச் செய்யவே 1993-இல் டாடாவும் கம்மின்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் ஒரு நிறுவனம் தொடங்கின. எனவே அதன் உறுமல் உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கலாம்.)

தொடக்கத்தில் அதன் திறன் 160 குதிரைத்திறன்தான். அதுவும் நிமிடத்துக்கு 2500 சுற்றில். ஆனால் திருப்புவிசை சுமார் 540 நியூட்டன்-மீட்டர். மெதுவாகச் சுற்றி வலுவாக இழுக்கும் குணம் அதற்கு. பிஸ்டன் ஒரு வீச்சில் 120 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு. கணக்கிட்டுப் பாருங்கள்: 2500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 10 மீட்டர்தான். வேகம் குறைவு, பாகங்களோ தடித்தவை. தேய்மானமும் குறைவாகத்தானே இருக்கும்?

இனி, தீப்பற்றும் விதம். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி வேண்டும். டீசலுக்கு வேண்டியதில்லை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு நாலு முறை வேகமாக அழுத்துங்கள், அடிப்பாகம் சுடும். காற்றை விரைவாக அமுக்கும்போது நாம் செய்யும் வேலை வெப்பமாக மாறுகிறது. இந்த எஞ்சினில் காற்று அதன் பருமனில் பதினேழரையில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. உள்ளே வரும் காற்று 300 கெல்வின் என்று கொள்வோம். வெப்பம் வெளியேறா அமுக்கம் என்று வைத்தால், மேல்நிலை வகுப்பில் படித்த சூத்திரப்படி இறுதி வெப்பநிலை 300-ஐ 17.5-இன் 0.4 அடுக்கால் பெருக்க வருவது: சுமார் 940 கெல்வின். சிலிண்டர் சுவர் கொஞ்சம் வெப்பத்தைத் திருடிக்கொள்ளும். அதைக் கழித்தாலும் 500 டிகிரி செல்சியசுக்குக் குறையாது. டீசல் எண்ணெய் தானே பற்றிக்கொள்ள 250 டிகிரி போதும். ஆகவே பொறி இல்லை. பொறியை உண்டாக்கும் சுருள், அதற்கான கம்பிகள், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. மழை ஈரத்தில் நனைந்து மக்கர் செய்ய அங்கே ஒன்றுமே கிடையாது.

ஆனால் எண்ணெயைச் சரியான நொடியில், சரியான அளவில் பீய்ச்ச வேண்டுமே! முழுச் சுமையில்கூட ஒரு சிலிண்டருக்கு ஒரு முறைக்கு வேண்டியது இரண்டு மூன்று சொட்டுகள்தாம். 2500 சுற்றில் இது வினாடிக்கு ஏறத்தாழ 21 முறை நடக்க வேண்டும். இஞ்செக்டரின் ஊசி திறக்கவே சுமார் 250 வளிமண்டல அழுத்தம் தேவை. இத்தனையையும் 1994 முதல் வந்த வண்டிகளில் செய்தது, ஆறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் ஒரு பாஷ் பம்பு. இவ்வகைப் பம்புகளைப் பாஷ் நிறுவனம் 1927-இலேயே செய்யத் தொடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால் அந்தப் பிளஞ்சரைப் போல அழகான எந்திரப் பாகம் குறைவு. அது விரல் போன்ற ஓர் எஃகுத் தண்டு. அதன் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டு. தண்டு மேலேறும்போது எண்ணெயை அமுக்கும். சாய்வு வெட்டு உருளையில் உள்ள சிறு துளைக்கு நேரே வந்ததும் அழுத்தம் அந்தத் துளை வழியே கழன்றுவிடும், பீய்ச்சலும் நிற்கும். இப்போது தண்டைச் சற்றே திருப்பினால்? வெட்டு சாய்வானது அல்லவா, துளையை முன்னதாகவோ பின்னதாகவோ சந்திக்கும். எண்ணெயின் அளவு மாறும். ஆறு தண்டுகளையும் ஒன்றாகத் திருப்ப ஒரு பற்சட்டம். ஆக்சிலரேட்டர் மிதி கடைசியில் அசைப்பது அந்தச் சட்டத்தைத்தான்.

இங்கே ஒரு சிக்கல். பெட்ரோல் எஞ்சினில் காற்றுப் பாதையை மறிக்கும் தட்டு உண்டு, டீசலில் இல்லை. எண்ணெய் கிடைத்துக்கொண்டே இருந்தால், சுமையற்ற எஞ்சின் தன்னை உடைத்துக்கொள்ளும்வரை வேகம் கூடும். அதனால்தான் மிதிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கவர்னர். சுழலும் இரு எடைகள். அவற்றை இழுத்துப்பிடிக்கும் சுருள்வில். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்கு வைத்ததும் இதே தத்துவந்தான். மையவிலக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வேகம் 10 சதவீதம் கூடினால் விசை 21 சதவீதம் கூடும். எடைகள் விரியும், சட்டம் பின்வாங்கும், எண்ணெய் குறையும். கணினி செய்யும் வேலையை இரண்டு எடைகளும் ஒரு வில்லும் செய்துவிடுகின்றன.

அப்படியானால் மின்சாரம் எதற்கு? கிளப்புவதற்கும், குளிரில் உள்வரும் காற்றைச் சூடாக்குவதற்கும். பிறகு எண்ணெயை நிறுத்தும் நெம்புகோலைத் தூக்கிப்பிடிக்க ஒரு மின்காந்தம். அதுவும் கெட்டுப்போனால் நெம்புகோலைக் கம்பியால் கட்டிவிட்டு வீடு வந்து சேர்கிறவர்கள் உண்டு.

பழுது பார்ப்பதிலும் இந்த வெளிப்படைத்தன்மை உதவுகிறது. ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வோர் இஞ்செக்டர் குழாயின் மரையையும் முறையே சற்றுத் தளர்த்துவார்கள். ஓட்டம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். மாற்றமே இல்லையென்றால் குற்றவாளி அதுதான். கருவி: ஒரு ஸ்பேனரும் இரண்டு காதும். (இதைப் படித்துவிட்டு யாரும் முயல வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.)

குறையே இல்லாத எஞ்சின் என்று எண்ணிவிடாதீர்கள். பற்சக்கரப் பெட்டியைப் பொருத்துவதற்கான ஒரு சிறு எஃகு முளை, அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் பற்சக்கரங்களுக்கிடையே விழக்கூடும். விழுந்தால் எஞ்சினே பாழ். உரிமையாளர்கள் அதற்குக் 'கொலைகார முளை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்து என்ன தெரியுமா? முளை நகராதபடி அதன் தலைக்கு மேல் திருகப்படும் ஒரு சின்ன இரும்புத் தகடு! முன்பகுதியைக் கழற்றும் பொறுமை உள்ளவர் தாமே செய்துகொள்ளலாம். இந்த நோயைச் சொல்லும்போதுகூட அவர்கள் குரலில் ஒரு பெருமை தெரியும்.

இனி மறுபக்கம். மிதியை ஓங்கி மிதித்தால் பழைய வண்டி கரும்புகை கக்கும். எண்ணெய் உடனே கூடிவிடுகிறது. காற்றை ஊட்டும் டர்போ வேகம் பிடிக்கச் சற்று நேரமாகிறது. காற்றுப் போதாமல் எரிவதன் மிச்சந்தான் புகைக்கரி. இதைக் குறைக்கப் பம்பில் ஒரு சவ்வு அமைப்பு உண்டு. அதன் எல்லை சிறியது. போதிய காற்று இருந்து சூடாக எரிந்தாலும் தொல்லைதான்: நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகும். 2012-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. வேண்டுமென்றே பம்பை முறுக்கிப் புகை விட்டு வேடிக்கை காட்டுகிற சிலர் இருக்கிறார்கள். எஞ்சினை நேசிப்பதாக அவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை.

அமெரிக்கச் சட்டம் படிப்படியாக இறுகியது. கனரக டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு வெளியிடலாம் என்ற கரித்துகள் 1994-இல் 0.10 கிராம், 2007-இல் 0.01 கிராம். நைட்ரஜன் ஆக்சைடு 1991-இல் 5 கிராம், 2010-இல் 0.2 கிராம். இரண்டு எடைகளும் ஒரு வில்லும் இந்தத் துல்லியத்தைத் தரமாட்டா. 1998-இன் நடுவில் டாட்ஜ் வண்டிக்கு மின்னணுப் பம்பு வந்தது. 2003 மாதிரியில், சுமார் 1600 வளிமண்டல அழுத்தத்தில் எண்ணெயைப் பொதுக் குழாயில் தேக்கி, மின்சைகையால் பீய்ச்சும் முறை வந்தது. பின்னர் வடிகட்டி, யூரியாக் கரைசல், அவற்றைக் கண்காணிக்கும் உணரிகள். புகை குறைந்தது உண்மை. ஆனால் ஓர் உணரி பழுதானால் வண்டி தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். எது பழுது என்பதைக் காது சொல்லாது. அதைப் படிக்கும் கருவியும் மென்பொருளும் வேண்டும்.

அந்தக் கருவி யார் கையில் இருப்பது என்பதே இப்போது அங்கு நடக்கும் வழக்கு. தூய காற்றுக்கு உணரிகள் தேவை. ஆனால் உணரி சொல்வதை உரிமையாளரிடமிருந்து மறைத்துவைக்க இயற்பியலில் காரணம் ஏதுமில்லை. 2023-இல் கொலராடோ மாநிலம், பண்ணை எந்திரங்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடுகள், பாகங்கள், மென்பொருள் ஆகியவற்றை உரிமையாளர்களுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்குச் சட்டம் இயற்றியது. 2024 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.