தானே குளிரும் கார்: கருவி அறிந்ததும் அறியாததும்

கோடையில் நெடுந்தூரம் செல்லும் குடும்பத்தினருக்குக் காரில் ஏ.சி. என்பது இன்று ஆடம்பரமன்று, தேவையாகிவிட்டது. சாதாரண ஏ.சி. பொருத்திய காரில் குளிர் மிகுந்தால் குமிழைத் திருப்பிக் குறைக்க வேண்டும். வெயில் ஏறினால் மீண்டும் கூட்ட வேண்டும். ‘ஆட்டோமேடிக் கிளைமேட் கண்ட்ரோல்’ எனப்படும் தானியங்கி அமைப்பில் இத்தொல்லை இல்லை. 24 டிகிரி என்று ஒருமுறை குறித்துவிட்டால், அந்த அளவை அதுவே காத்து வருகிறது. இதன் இயக்கத்தையும் எல்லையையும் அறிந்து வைத்திருப்பது, சில வேளைகளில் உயிரையே காக்கக் கூடியது.

பெல்ட்டைக் கழற்றிய காலம்

அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் ஏ.சி. வசதியை அளித்தது. அதை நிறுத்த விரும்பினால் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1964ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில்தான் வெப்பநிலையைத் தானே சீர்செய்யும் அமைப்பு முதன்முதலாக வந்தது.

குளிர் பிறக்கும் விதம்

மண்பானையின் நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் கொள்கிறது. ஏ.சி.யின் தத்துவமும் இதுவே. கம்ப்ரஸர் ஒரு வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தால் அது சூடேறுகிறது. காரின் முன்புறமுள்ள கண்டென்சரில் அவ்வெப்பத்தை வெளிக்காற்றிடம் விட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வைக் கடந்ததும் அழுத்தம் குறைந்து, எவாபரேட்டர் என்னும் பகுதியில் ஆவியாகிறது. அப்போது தன்மேல் வீசும் காற்றின் வெப்பத்தை அது உறிஞ்சுகிறது. காற்றிலுள்ள ஈரமும் அங்கே நீராகிறது. ஏ.சி. ஓடும் காரின் அடியில் சொட்டுவது இந்த நீர்தான். பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை.

அளவும் திருத்தமும்

தானியங்கி அமைப்பில் கூடுதலாக இருப்பவை சென்சார்கள் என்னும் உணர்கருவிகளும் ஒரு சிறு கம்ப்யூட்டருமே. ஒரு சென்சார் காருக்குள் உள்ள வெப்பத்தை அளக்கிறது. மற்றொன்று வெளி வெப்பத்தை அறிகிறது. முன்கண்ணாடியின் அருகில் அமைந்த மூன்றாவது, உள்ளே விழும் வெயிலின் கடுமையைக் கணிக்கிறது. எவாபரேட்டரில் பனிக்கட்டி உறைந்துவிடாதபடி காவல் காக்க ஒன்று உண்டு.

கம்ப்யூட்டர் இவ்வளவுகளை நாம் குறித்த அளவோடு இடைவிடாது ஒப்பிடுகிறது. வேறுபாடு மிகுதியாயின் காற்றாடியை விரைவாகச் சுழற்றுகிறது. குறையக் குறைய வேகத்தைத் தணிக்கிறது. குளிர் அளவு மீறினால், எஞ்சினின் சூட்டு நீர் ஓடும் குழாய்த் தொகுதியின் வழியே காற்றில் ஒரு பகுதியைச் செலுத்திக் கலக்கிறது. இதற்கென உள்ளே ஒரு சிறு கதவு திறந்து மூடுகிறது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் இவ்வமைப்பு பெரும்பாலும் முழு வலிமையுடனேயே குளிரூட்டத் தொடங்குகிறது. ஆகவே அவசரப்பட்டு அளவை 18 டிகிரிக்குக் குறைப்பதால் கார் விரைவில் குளிர்ந்துவிடாது. முதலில் கதவுகளைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றுவதே பயன் தரும்.

கருவி அறியாதவை

வெப்பத்தை அளக்கும் சென்சார் மனிதரின் நிலையை அறியாது. உட்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி, ஐந்தாறு பேர் நெடுநேரம் பயணம் செய்தால், மூச்சில் வெளிவரும் கரியமில வாயு உள்ளே பெருகும். ஓட்டுபவரின் கண்கள் செருகும். எனவே அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விடுதல் அவசியம்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. காரில் உறங்குவது மிக ஆபத்தானது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிர் பறிபோகும். காருக்குள் இதமான 24 டிகிரி நிலவுவதால் மட்டும் உள்ளிருக்கும் காற்று நல்ல காற்றாகிவிடாது.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எஞ்சின் நின்றால் ஏ.சி.யும் நிற்கும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரும் பலனில்லை. குழந்தையின் உடலோ பெரியவர்களின் உடலைவிட மிக வேகமாகச் சூடேறும்.

‘கடையில் ஐந்து நிமிடம்தானே’ என்று குழந்தையைக் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டும் விட்டுச் செல்ல வேண்டாம். அது எப்போது நிற்குமென்று யார் சொல்ல முடியும்? இறங்கும்போதெல்லாம் பின்னிருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உறங்கும் பிள்ளையை மறவாதிருக்கும் பொறுப்பு எந்தக் கருவிக்கும் உரியதன்று, அது நம்முடையதே.