உறவும் கணக்கும்

"கடன் அன்பை முறிக்கும்" என்னும் வாசகத்தைக் கடைகளிற் காணாதார் இலர். ஆயினும், அன்பை முறிப்பது கடன் மாத்திரமன்று. பேச வேண்டிய வேளையிற் பேசாதிருந்த கூச்சமே பல வீடுகளில் உறவைக் கெடுத்திருக்கின்றது. வீடு, பணம், உத்தியோகம் ஆகிய பொறுப்புகளை முதன்முதலாக ஏற்கும் இளைஞருக்கு இக்கூச்சம் பெருஞ் சங்கடம். பளையிலும் சூழவுள்ள பச்சிலைப்பள்ளிக் கிராமங்களிலும் அது எவ்வெவ் வடிவில் வருகின்றது என்பதைச் சற்று நோக்குவோம்.

மாமாவின் வீடு

வெளிநாட்டிலுள்ள மாமா ஒருவர் தமது வீட்டையும் தென்னங்காணியையும், புதிதாக மணமுடித்த தங்கை மகனிடம் ஒப்படைக்கிறார். "வாடகை என்னத்துக்குத் தம்பி? பார்த்துக்கொண்டாற் போதும்" என்கிறார். ஆண்டுகள் சில செல்கின்றன. இரண்டு மாதத்துக்கொருமுறை பறிக்கும் தேங்காயின் பணம் யாருக்கு? கூரை ஒழுகினாற் செலவு யாருடையது? மாமா திரும்பி வந்தால் எத்தனை நாளில் வீட்டை விடுவது? ஒன்றும் பேசப்படவில்லை. மாமா உள்ளூர அஞ்சுகிறார். மருமகன் தான் செய்த செலவை எண்ணி மனம் புழுங்குகிறான்.

மாமாவின் அச்சத்துக்குக் காரணமுண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, உரிமையாளரின் உரித்தை மறுத்து ஒரு காணியைப் பத்தாண்டுகள் இடையீடின்றி ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். போரினால் தம் காணியுரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கென 2016ஆம் ஆண்டில் விசேட சட்டமொன்றே இயற்ற வேண்டியதாயிற்று. அனுமதி பெற்றுக் குடியிருப்பவர் நிலை வேறு. அவ்வனுமதியையும், விளைச்சற் பங்கையும், திருத்தச் செலவையும், வீட்டைக் கையளிக்கும் தவணையையும் ஒரு கடிதத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால், மாமாவின் காணிக்கும் மருமகனின் நற்பெயருக்கும் அதுவே காவலாகும். இக்கடிதத்தை முதலிற் கேட்க வேண்டியவன் மருமகனே. மூத்தவர் கேட்டால் சந்தேகமாகத் தோன்றும். இளையவன் கேட்டால் நேர்மையாகத் தோன்றும்.

"உறவுக்குள் எழுத்தெதற்கு?" எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமை, காணியை விற்க விரும்புவோர் முதலிற் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டுமென்றது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமும் அவ்வழக்கத்தை நிலைநிறுத்தியது. முன்கூட்டிச் சொல்லுதல் இம்மண்ணின் பழைய நாகரிகமேயாம்.

மாமி வீட்டிலிருந்து படித்தல்

2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவில் இடங்கிடைத்த பிள்ளை, அங்கே மாமி வீட்டில் தங்குகிறாள். காசு கொடுத்தால் மாமி வாங்கமாட்டார்; கொடாவிட்டால் மனம் உறுத்தும். பெற்றோரே முதல் மாதத்திற் பேசி முடிப்பது நன்று. காசை மறுப்பவர் ஊரிலிருந்து வரும் அரிசியையும் தேங்காயையும் மறுக்கமாட்டார். மின்சாரக் கட்டணத்தை ஏற்பதும், பிந்தி வரும் நாளை முன்னரே அறிவிப்பதும் பிள்ளையின் கடமை.

பிணைக் கையொப்பம்

அரசாங்க உத்தியோகம் கிடைத்த சிறிது காலத்துள், வங்கிக் கடனுக்குப் பிணை நிற்குமாறு ஒருவர் வந்துவிடுவார். கடன் பெற்றவர் கட்டத் தவறினால் மிகுதியை வங்கி பிணையாளியிடம் கேட்கும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் தவணை கட்ட இயலாது திணறியோர் அனைவரும் நாணயங் கெட்டவரல்லர். ஆகவே, "அவர் நல்லவர்" என்பது போதிய காரணமன்று. "முழுத் தொகையையும் நானே கட்ட நேர்ந்தால் இயலுமா?" என்று தன்னைத் தானே கேட்க வேண்டும். இயலாதெனில் மறுத்தலே முறை. பொய்க் காரணங் கூறுவதும் நாளைக் கடத்துவதும் ஆகாது. அன்றே சொன்னால் அவர் வேறு வழி தேடலாம்.

உத்தியோகத்தில்

தனியார் நிறுவனத்திற் சேரும்போது, ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் செலுத்தப்படுமா என வினவுதல் மரியாதைக் குறைவன்று. அது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த உரிமை. விலகும்போது நியமனக் கடிதத்திற் குறித்த தவணையைக் கொடுத்து, நண்பருக்குச் சொல்லுமுன் மேலாளருக்குச் சொல்லுதல் நம் கடமை.

இந்த ஞாயிறன்று பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து, தம் குடும்பத்திற் பேசாது விடப்பட்ட கணக்கொன்றையேனும் பேசித் தீர்ப்பார்களாயின், நாளை கோயில் வீதியில் உறவினரைக் கண்டு முகந்திருப்ப வேண்டிய நிலை நேராது.