பிறப்பா? சூழலா?

“விளையும் பயிர் முளையிலேயே தெரியும்” என்கிறோம். “பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்” என்றும் சொல்கிறோம். ஒருவரை உருவாக்குவது பிறப்பா, சூழலா? இக்கேள்வியை வானியலாளர்கள் விண்மீன் மண்டலங்களைப் பார்த்தும் கேட்கிறார்கள்.

நமது பால்வெளியும் ஒரு விண்மீன் மண்டலமே. நூற்றுக்கணக்கான மண்டலங்கள் ஈர்ப்பு விசையால் சேர்ந்திருந்தால் அது கொத்து எனப்படும். சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள கோமா கொத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மண்டலங்கள் உள்ளன.

மண்டலத்தின் நிறம் அதன் நிலையைச் சொல்லிவிடும். நீலமாக இருந்தால் அங்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. பிறப்பு நின்றுபோனால் ஆயுள் குறைந்த நீல விண்மீன்கள் முதலில் மறையும், மண்டலம் சிவக்கும். அருகிலுள்ள கொத்துகளின் மையத்தில் பெரும்பாலும் சிவந்த மண்டலங்களே இருக்கின்றன.

அவை என்றுமே அப்படித்தான் இருந்தனவா? தொலைவில் பார்ப்பது என்பது கடந்த காலத்தைப் பார்ப்பதாகும். 1978-இல் புட்சர், ஓம்லர் என்னும் இருவர், 400 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு புறப்பட்ட ஒளியைக் கொண்டு இரண்டு தொலைதூரக் கொத்துகளை ஆராய்ந்தனர். அங்கே நீல மண்டலங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றுள் பல சுருள் மண்டலங்கள் என்பதை 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி காட்டியது.

அப்படியானால் இடையில் நடந்தது என்ன? கொத்தின் இடைவெளிகளில் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வேகமாகச் செல்பவரின் முகத்தில் காற்று அறைவதுபோல, கொத்துக்குள் விரைந்து விழும் மண்டலத்தின் மீது இவ்வாயு மோதுகிறது. விண்மீன்கள் தப்பிவிடும், அவற்றைப் பிறப்பிக்கும் குளிர்ந்த வாயு பிய்த்தெறியப்படும். கன், காட் ஆகியோர் 1972-இல் இதை விளக்கினர். நார்மா கொத்திலுள்ள ஈ.எஸ்.ஓ. 137-001 என்னும் மண்டலம், இன்றும் வாயுவை நீண்ட வாலாக இழந்துகொண்டிருப்பதைக் காண்கிறோம். வேறு சில மண்டலங்களுக்கு வெளியிலிருந்து வரும் வாயு வரத்து நின்றுவிடுகிறது. கையிருப்புத் தீர்ந்ததும் அவையும் ஓய்கின்றன.

எனினும், எல்லாப் பழியையும் சூழலின் மீது போட முடியாது. நிறை மிகுந்த மண்டலங்கள், தனித்திருந்தாலும் விரைவிலேயே விண்மீன் உருவாக்கத்தை நிறுத்திவிடுகின்றன. மையத்திலுள்ள கருந்துளை வெளிவிடும் ஆற்றல் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நிறை, சூழல் இரண்டின் விளைவையும் தனித்தனியே பிரித்தறியலாம் என்று 2010-இல் பெங் குழுவினர் காட்டினர்.

ஆகவே நண்பர்களே, விண்வெளியில் இரண்டு பழமொழிகளுக்குமே இடமுண்டு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கொத்தோடு சேர்ந்த மண்டலம் மணம் பெறுவதில்லை. தன்னிடம் இருந்ததையும் இழக்கிறது.