எறும்புக்கு ஓர் இல்லம்

மழைக்காலத்தில் முட்டைகளைச் சுமந்தவாறு மேட்டு நிலம் நோக்கி வரிசையாகச் செல்லும் சிற்றெறும்புகளைப் புறநானூற்றின் 173-ஆம் பாடலில் காண்கிறோம். சிறுகுடி கிழான் பண்ணனின் இல்லத்திலிருந்து சோறு பெற்றுச் செல்லும் சிறுவர்களின் வரிசைக்கு அந்த எறும்பு வரிசை உவமையாக வருகிறது. பண்ணனின் கொடைச் சிறப்பை வகுப்பில் விளக்கும் நாம், உவமையாக வந்த எறும்பை அப்படியே விட்டுவிடுகிறோம். அது ஏன் மேட்டு நிலம் தேடுகிறது? அந்த வினாவுக்கு விடை காண விரும்புவோர் எறும்பின் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். மண்ணைத் தோண்டினால் வீடு சிதைந்துவிடும். ஆகவே, கண்ணாடிச் சுவருடைய வீடொன்றை நாமே வார்த்துக் கொடுப்பதுதான் வழி.

முன்னோடிகள்

இங்கிலாந்து நாட்டின் ஜான் லப்பக், இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய மண் பரப்பி எறும்புகளை வளர்த்தார். தம் ஆய்வுகளை 1882-இல் நூலாக வெளியிட்டார். எறும்புகள் சிவப்பொளியைப் பொருட்படுத்துவதில்லை என்றும், நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை உணர்ந்து விலகுகின்றன என்றும் அவர் கண்டறிந்தார். இன்றும் எறும்பு வளர்ப்போர் கூட்டின் மீது சிவப்புத் தாளை விரிப்பது இதனால்தான்.

பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் சார்ல் ழானே அடுத்த அடியை எடுத்து வைத்தார். பாரிஸ் சாந்தினால் அறைகளை வார்த்து, மேலே கண்ணாடி மூடினார். ஓரத்தில் ஒரு நீர்க்குழியும் அமைத்தார். குழியில் ஊற்றிய நீர் சாந்தின் நுண்துளைகள் வழியே கசிந்து பரவும். குழிக்கு அருகிலுள்ள அறை ஈரமாகவும், தொலைவிலுள்ள அறை உலர்ந்தும் இருக்கும். எறும்பு தனக்கு ஏற்ற அறையைத் தானே தேர்ந்துகொள்ளும். வார்ப்புக் கூட்டின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு குழியில் அடங்கிவிடுகிறது.

வார்க்கும் பொருள்கள்

பாரிஸ் சாந்து எளிதில் கிடைப்பது, விரைவில் இறுகுவது, நீரை நன்கு உறிஞ்சுவது. ஆயினும் ஈரம் மிகுந்தால் வலிய தாடையுடைய எறும்புகள் அதனைக் குடைந்துவிடும், பூஞ்சையும் படரும்.

டைல்ஸ் இடுக்குகளை நிரப்பக் கொத்தனார்கள் பயன்படுத்தும் கிரவுட், சிமெண்டை அடிப்படையாகக் கொண்டது. எறும்பின் தாடைக்கு எளிதில் அசையாது. மணல் கலந்த வகை, புற்று மண்ணின் சொரசொரப்பையும் தரும். ஆனால் புதிய சிமெண்டில் கடுமையான காரத்தன்மை உண்டு. அது நீங்கும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். எபாக்சி கலந்த கிரவுட் நீரை உறிஞ்சாது. எனவே இப்பணிக்கு உதவாது.

செய்முறை

கண்ணாடித் தகடொன்றைச் சமதளத்தில் வைத்து, எண்ணெயை மெலிதாகத் தடவுக. பிள்ளைகள் உருவம் செய்து விளையாடும் வண்ணக் களிமண்ணை ஒரு செ.மீ. கனத்தில் அறைகளாகவும் பாதைகளாகவும் அதன்மேல் ஒட்டுக. கட்டெறும்புக்கு இவ்வளவு உயரம் போதும். கடைசி அறைக்கு இரு விரல் தள்ளி, நீர்க்குழிக்காகத் தனியே ஒரு களிமண் கட்டியை வைக்க. வாயிலுக்காக ஒரு பாதையை விளிம்பு வரை நீட்டுக. சுற்றிலும் மூன்று செ.மீ. உயரத்திற்கு மரச்சட்டம் கட்டுக.

பாரிஸ் சாந்தாயின், ஒரு பங்கு நீரில் இரு பங்கு தூளைத் தூவிக் கலந்து, களிமண் முழுதும் மூழ்குமாறு ஊற்றுக. சட்டத்தை மெல்லத் தட்டினால் காற்றுக் குமிழிகள் மேலே வந்துவிடும். கிரவுட்டாயின், உறையில் குறித்துள்ள அளவின்படி நீர் சேர்க்க. தூள் மூச்சில் புகாதவாறு துணி கட்டிக்கொள்க. இறுகும்போது சாந்து சூடேறும். சிமெண்ட் தோலை அரிக்கும். ஆதலால் வெறுங்கையால் கலக்கலாகாது.

மறுநாள் பலகையைப் பிரித்தெடுத்துக் களிமண்ணைக் குச்சியால் சுரண்டி அகற்றினால், அறைகள் புலப்படும். பாரிஸ் சாந்தை ஒரு வாரம் உலர்த்தினால் போதும். கிரவுட்டைச் சில நாள்கள் ஈரத்திலேயே இறுகவிட்டு, பின் இரண்டு வாரங்கள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, அதன் பின்னரே உலர்த்த வேண்டும். இறுதியில் அறைகளின் மீது மட்டும் கண்ணாடி பொருத்தி, நீர்க்குழியைத் திறந்தே விடுக. வாயிலிலிருந்து ஒரு குழாய் வழியே உணவுப் பெட்டியை இணைக்க. சர்க்கரை நீரும் இறந்த பூச்சிகளும் அப்பெட்டியில் வைத்தால் போதும்.

பொறுமையின் பாடம்

என் முதல் முயற்சியைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. கிரவுட் கல்லாக இறுகியதைக் கண்ட மகிழ்ச்சியில், மூன்றாம் நாளே ஓர் எறும்புக் குடும்பத்தை அதில் குடியேற்றினேன். அவை அறைகளை விட்டு விலகிக் குழாயிலேயே ஒண்டிக் கிடந்தன. அதன் பொருள் எனக்குப் புரியவில்லை. ஒரு வாரத்திற்குள் அனைத்தும் மடிந்தன. ஊறவைக்க வேண்டிய இரண்டு வாரங்களை நான் மிச்சம் பிடித்தேன்; அதற்கு விலை கொடுத்தவை எறும்புகள்.

அடுத்த முறை விரைவைக் கைவிட்டேன். மழைக்குப் பின் சிறகுதிர்த்து நிலத்தில் அலைந்த கட்டெறும்பு அரசி ஒன்றை, அடியில் நீரும் அதன்மேல் பஞ்சும் அடைத்த சோதனைக் குழாயில் இருளில் வைத்தேன். தன் உடற்சேமிப்பைக் கொண்டே அது முதல் தலைமுறையை வளர்த்தெடுத்தது. அக்குடும்பம் பெருகிய பிறகே நான்கு அறைகள் கொண்ட சிறு கூட்டைக் கொடுத்தேன். தேவைக்கு மிஞ்சிய அறைகளை எறும்புகள் குப்பைக் கிடங்காக்கிவிடும் என்பதால் முதற்கூடு சிறிதாகவே இருத்தல் நலம்.

ஒருநாள் நீர்க்குழியில் அளவுக்கு மீறி நீர் ஊற்றிவிட்டேன். சிறிது நேரத்தில் எறும்புகள் தம் முட்டைகளையும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு உலர்ந்த அறைக்கு வரிசையாகப் புறப்பட்டன. கிள்ளிவளவன் பாடலில் கண்ட காட்சி என் மேசை மீது நிகழ்ந்தது! மேட்டு நிலம் தேடுவது இளம் உயிர்களை ஈரத்திலிருந்து காப்பதற்கே என்பதை அன்று கண்ணால் கண்டேன். எறும்பை மூவறிவுயிர் என வகுத்த தொல்காப்பியர் அதற்கு மூக்கறிவைக் கொடுத்ததும் எண்ணத்தக்கது. மணமே எறும்பின் மொழி என்று இன்றைய அறிவியலும் கூறுகிறது.

அமானிதம்

திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரையே தாங்கி நிற்கிறது. படையின் காலடியில் தன் இனம் நசுங்கிவிடக் கூடாதே என அஞ்சிய ஓர் எறும்பின் எச்சரிக்கையைக் கேட்டு, பேரரசரான சுலைமான் நபி (அலை) புன்னகைத்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள். எறும்பைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் உள்ளது.

எனவே, மாணவச் செல்வங்களே! புற்றை இடித்து எறும்பைக் கவர வேண்டா. அரசியைப் பிரித்த குடும்பம் அழிந்துபோகும். மழைக்குப் பின் கிடைக்கும் தனி அரசி ஒன்றே போதும். கண்ணாடிக்குப் பின்னால் நாம் அடைத்து வைத்த உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் நீரும் உணவும் இருளும் நம் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்க இயலாதவர் கூட்டை வார்க்காதிருப்பதே நன்று. ஏற்பவருக்கோ, சங்கப் புலவன் கண்ட உலகம் உள்ளங்கையளவில் திறந்து காட்டும்.