பாலை வழியும் பழைய காரும்

முன்னுரை

மாடு வாங்கச் செல்லும் உழவன் அதன் தோலின் மினுமினுப்பில் மயங்குவதில்லை. வாயைப் பிளந்து பல்லை எண்ணுகின்றான். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்க்கின்றான். குளம்பைத் தூக்கி நோக்குகின்றான்; சுழியைத் தேடுகின்றான்; நாலு எட்டு நடக்கவிட்டுக் காண்கின்றான். அதன் பின்னரே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகின்றான். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆகிய வானம் பார்த்த பூமியில் வளர்ந்தோர் அனைவரும் கண்டு பழகிய காட்சி இது.

கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையேல் சீமைக்கருவேலங் கரி என்று வாழ்வு நடத்தும் இவ்வட்டாரத்திலிருந்து இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் செல்கின்றனர். அங்கே சென்று ஓட்டுநர் உரிமமும் பெற்றபின், நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கி நெடுந்தொலைவு சென்றுவர விரும்புவது இயல்பு. ஆனால், ஊரில் ஒரு கன்றுக்குட்டியை வாங்க மூன்று சந்தை அலைபவர்கள், அங்கே உயிரையும் உழைப்பின் பயனையும் ஒப்படைக்கப் போகும் காரை ஒரு மாலைப் பொழுதில் வாங்கிவிடுகின்றனர். எளிய விலையில் கிடைக்கும் பழைய காரை நெடும்பயணத்திற்கு எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வழியை முதலில் அறிக

எந்தக் கார் நல்லது என்னும் வினாவுக்கு முன், அது எந்த வழியில் செல்லப் போகின்றது என்னும் வினா எழ வேண்டும். வண்டிப் பாரம் இழுக்கும் மாடு வேறு. உழவு மாடு வேறு அன்றோ?

அமீரகத்தில் பணிபுரிவோர் பெரிதும் விரும்பும் பயணம், துபாயிலிருந்து ஓமானின் தென்கோடியில் உள்ள சலாலாவுக்குச் செல்வதாகும். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நரிக்குடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பும் தொலைவினும் இது மிகுதி. அல் ஐன் அருகே எல்லையைக் கடந்து இப்ரி, ஆதம், ஹைமா, தும்ரைத் ஆகிய ஊர்களின் வழியே பாதை செல்கின்றது. ஆதமுக்குத் தெற்கே நிழல் தரும் மரம் காண்பதரிது. எரிபொருள் நிலையங்களுக்கு இடையே நெடுந்தொலைவு உண்டு. கோடையில் வெப்பம் 45 பாகையைக் கடப்பது அங்குப் புதுமையன்று.

தும்ரைத்தைக் கடந்தபின் காட்சி முற்றிலும் மாறுகின்றது. நம் நாட்டிற்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை தோபார் மலைகளைப் பனிமூட்டத்திலும் தூறலிலும் மூழ்கச் செய்கின்றது. அரபியர் இதனைக் கரீஃப் பருவம் என்பர். காண்போர் கூடுவதும் இப்பருவத்தில்தான். ஆக, ஒரே பயணத்தில் கார் இரு தேர்வுகளை எழுத வேண்டியுள்ளது: முதலில் அனல் வெளியில் பல மணி நேர ஓட்டம், பின்னர் மூடுபனியில் வழுக்கும் மலைச்சாலையின் இறக்கம். முன்னதற்குக் குளிர்விப்பு அமைப்பும் டயரும் வேண்டும். பின்னதற்குப் பிரேக்கும், கண்ணாடி துடைப்பானும், விளக்கும் வேண்டும்.

நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன், அமீரகத்தில் இருந்த காலத்து, நாமும் நம் வட்டாரத்து நண்பர் மூவரும் ஆளுக்கு 3,000 திர்ஹம் போட்டு ஒரு காரை வாங்கினோம். வெள்ளை நிறம், புதிதாக மெருகிட்ட உடல், உள்ளே நறுமணம். விற்றவர் இனிமையாகப் பேசினார். இரவு விளக்கொளியில் பார்த்தோம். அடுத்த நாளே பெயர் மாற்றினோம். அந்த வார இறுதியிலேயே புறப்பட்டோம்.

ஆதமுக்கும் ஹைமாவுக்கும் இடையில், நண்பகலில், வெப்பமானியின் முள் மேலேறியது. குளிர்சாதனம் வேண்டும் என்று எண்ணி மேலும் சிறிது தொலைவு ஓட்டினோம். அதுவே நாம் செய்த இரண்டாம் பிழை. எந்திரம் நின்றது. கையில் இரண்டு போத்தல் தண்ணீர். ஒன்றரை மணி நேரம் காரின் நிழலில் ஒடுங்கிக் கிடந்தோம். அவ்வழி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தண்ணீர் கொடுத்து, கயிறு கட்டி ஹைமா வரை இழுத்துச் சென்றார். அங்கிருந்த பணிமனையில் மூடியைத் திறந்தவுடன் உண்மை வெளிப்பட்டது. ரேடியேட்டரில் குளிர்விப்புக் கலவையே இல்லை. வெறுந்தண்ணீரும் துருவுமே இருந்தன. ஓட்டையை அடைக்கும் பசைத்தூள் ஒன்று உள்ளே போடப்பட்டிருந்தது. எந்திரத் தலைப்பகுதி வெப்பத்தால் கோணிவிட்டது. சீர்செய்யும் கூலி காரின் விலையை நெருங்கியதால், பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டுப் பேருந்தில் திரும்பினோம்.

நால்வரில் ஒருவர் கொடுத்த 3,000 திர்ஹம், ஊரில் தம் தாயாரின் வீட்டிற்குக் கூரை மாற்ற வைத்திருந்த தொகை. அந்தக் கூரை மேலும் ஒரு மழைக்காலம் ஒழுகியது. விற்றவரை மட்டும் நொந்து பயனில்லை. பகலில் பார்த்து, மூடியைத் திறந்து நோக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்று கற்ற பாடமே இனி வரும் பகுதிகள்.

பணத்தைப் பகுத்தல்

காரின் விலை வேறு, கார் பயணத்திற்கு ஆயத்தமாகும் விலை வேறு. கையிருப்பு முழுவதையும் விற்பவரிடம் கொடுப்பவர், ஓடாத காரையே வாங்குகின்றார். கையில் 12,000 திர்ஹம் இருப்பதாகக் கொள்வோம். 8,500 அல்லது 9,000 திர்ஹத்திற்கு மேற்பட்ட காரை நோக்குதல் கூடாது. எஞ்சியது நான்கு டயர், மின்கலம், எண்ணெய்கள், பெல்ட்டு, காப்பீடு, வழிச்செலவு ஆகியவற்றிற்கு உரியது. சுருங்கக் கூறின், நான்கில் ஒரு பங்கை எடுத்து வைத்தபின்னரே சந்தைக்குச் செல்ல வேண்டும்.

மற்றொன்று, எந்த இனத்துக் கார் என்பது. விலை மலிந்த ஆடம்பரக் காரைக் கண்டு ஆசை கொள்வோர் பலர். வாங்கும் விலை இறங்கினாலும் உதிரிப்பாகத்தின் விலை இறங்குவதில்லை. டொயோட்டா கொரோலா, நிசான் சன்னி போன்ற எளிய கார்கள் வளைகுடாவில் மிகுதியாக ஓடுவதால், பாலைவழிச் சிற்றூரிலும் அவற்றின் பாகம் கிடைக்க வாய்ப்புண்டு. பழுது பார்க்கத் தெரிந்தவரும் இருப்பார். ஊருக்குள் நின்றால் எந்தக் காரும் ஒன்றே. ஹைமாவில் நின்றால் பாகம் கிடைக்கும் காரே கார்.

காரின் வரலாற்றை அறிதல்

வளைகுடாச் சந்தையில் இருவகைக் கார்கள் உள்ளன. அந்நாடுகளின் வெயிலுக்கு ஏற்ற குளிர்விப்புடன் அங்கேயே விற்கப்பட்டவை ஒரு வகை. அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து பழையனவாக இறக்குமதியானவை மற்றொரு வகை. பின்னவற்றுள், விபத்தில் நொறுங்கியும் வெள்ளத்தில் மூழ்கியும் காப்பீட்டு நிறுவனங்களால் கழிக்கப்பட்டு, ஏலத்தில் எடுத்து ஒட்டவைக்கப்பட்டனவும் உண்டு. விலை மிகக் குறைவாயின் காரணத்தை வினவுதல் வேண்டும். சேசிஸ் எண்ணைக் கொண்டு அதன் முன்வரலாற்றை அறியும் வசதி இன்று உள்ளது. சிறு கட்டணமே ஆகும். அதனைச் செலவு என்று கருதலாகாது.

வெள்ளம் அமெரிக்காவில்தான் வரும் என்பதுமில்லை. 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் வரலாறு காணாத மழை கொட்டியது. அல் ஐன் பகுதியின் கதம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்திற்குள் 254 மில்லிமீட்டர் பதிவாயிற்று. துபாய் நெடுஞ்சாலைகளில் கார்கள் மூழ்கிக் கிடந்த காட்சியை உலகே கண்டது. மூழ்கிய கார் மெருகேறி மீண்டும் சந்தைக்கு வருதல் இயல்பே. எனவே கால்விரிப்பைத் தூக்கி வண்டல் படிந்துள்ளதா என்று காண்க. இருக்கையின் அடிக்கம்பியில் துரு உள்ளதா என்று தடவிப் பார்க்க. இருக்கை வாரை முழுவதும் இழுத்துக் கறை தேடுக. நறுமணம் மிகுதியாக வீசினால் ஐயம் கொள்க.

ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணையும் அப்படியே நம்புதல் கூடாது. 80,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வளையம் வழவழவென்று இருக்குமாயின், எண் பொய், மிதியே மெய். துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டின்மேல் ஓட்டிப் பார்த்தால், பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது.

எந்திரமும் டயரும்

எந்திரம் குளிர்ந்திருக்கும் போதே சென்று பார்க்க வேண்டும். நாம் செல்லுமுன் விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், தொடங்கும்போது தோன்றும் குறைகள் மறைந்துவிடும். குளிர்ந்த நிலையில் மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். உள்ளே நிறமுள்ள தெளிந்த கலவை இருத்தல் வேண்டும். அக்கலவையும் அழுத்த மூடியும் சேர்ந்துதான் கொதிநிலையை 100 பாகைக்கு மேலே உயர்த்துகின்றன. வெறுந்தண்ணீர் விட்டவர் அப்பாதுகாப்பைக் கெடுத்தவராவர். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போன்ற படிவு இருப்பின், எந்திரத்திற்குள் நீர் கலந்துள்ளது என்று ஐயுறலாம்.

புகையும் பேசும். நீலப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். கரும்புகை எரிபொருள் வீணாவதைச் சொல்லும். சூடேறிய பின்னும் நில்லாத அடர்ந்த வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிவதைச் சொல்லும்.

டயரின் பட்டைகளை மட்டும் பார்த்து நிறைவடைதல் பெரும் பிழையாகும். அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மாட்டுக்குப் பல் எவ்வாறோ, டயருக்கு இவ்வெண் அவ்வாறு. ஐந்து ஆண்டு கடந்த டயர் பார்வைக்குப் புதிதாயினும் வளைகுடா வெயிலில் நம்பத்தக்கதன்று. விரைந்து ஓடும்போது வெடித்தால் கார் கவிழும். மாற்று டயரின் எண்ணையும் மறவாமல் காண்க. பல கார்களில் அது மட்டும் பிறந்த நாள் முதல் கிடப்பதாகும்.

ஓட்டிப் பார்த்தல்

நண்பகலில் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்து, நின்ற இடத்திலேயே 20 நிமிடம் எந்திரத்தை ஓடவிடுக. வெப்பமானியின் முள் நடுவில் அசையாது நிற்க வேண்டும். பின்னர் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுக. ஸ்டியரிங் நடுங்குகின்றதா, கியர் மாறும்போது குலுக்குகின்றதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கின்றதா என்று நோக்குக. இறுதியில் நிறுத்தி, அடியில் சொட்டும் நீர் குளிர்சாதன நீரா, எண்ணெயா என்று பார்க்க. விற்பவர் இதற்கு இசையாவிடில் விடைபெற்று வருதலே இலாபம். இவ்வளவிற்குப் பிறகும், விற்பவர் காட்டும் மெக்கானிக்கிடம் செல்லாமல், நாம் தேர்ந்த ஒருவரிடம் காட்டுதல் வேண்டும்.

தாள்கள்

முல்கியா எனப்படும் பதிவட்டையில் உள்ள சேசிஸ் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றா எனக் காண்க. வங்கிக் கடன், போக்குவரத்துத் தண்டம் எதுவும் நிலுவையில் இருத்தலாகாது. பெயர் மாற்றத்துடன் அன்றிப் பணத்தை முழுதும் கொடுத்தல் கூடாது.

எல்லை கடக்கும் பயணத்திற்கு, காப்பீடு ஓமானிலும் செல்லும் என்பதற்கான எழுத்துச் சான்று கையில் வேண்டும். கார் மற்றொருவர் பெயரில் இருப்பின் அவருடைய இசைவுக் கடிதமும் வேண்டும். நுழைவு அனுமதி பற்றிய விதிகள் மாறக்கூடியவை, புறப்படுமுன் கேட்டறிக. நல்ல கார் அமைந்துவிட்டால் அதனை ஊருக்கே கொண்டு வரலாம் என்று சிலர் கனவு காண்பர். பழைய காரை இறக்குமதி செய்ய அது மூன்று ஆண்டுக்கு மேற்படாததாகவும், வலப்பக்க ஸ்டியரிங் உடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வளைகுடாக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். ஆகவே அங்கு வாங்கியதை அங்கேயே விற்க வேண்டும். விற்க எளிதான காரையே வாங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவுரை

சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்னும் இடத்தில், குந்திரிக்கம் ஏற்றுமதி செய்த சும்ஹுரம் என்னும் பண்டைத் துறைமுகத்தின் இடிபாடுகள் உள்ளன. அங்கு நடந்த அகழாய்வில், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு ஒன்று 2006ஆம் ஆண்டில் கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வோட்டில் 'கீரன்' என்னும் தமிழ்ப் பெயர் இருப்பதை அறிஞர்கள் படித்தறிந்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பொருள் தேடிக் கடல் கடந்த தமிழன் ஒருவன் அக்கரையில் விட்ட அடையாளம் அது. அவனும் மரக்கலத்தின் பலகையைத் தட்டிப் பார்த்தே ஏறியிருப்பான் என்று எண்ணத் தோன்றுகின்றது.

அந்த இடத்தைக் காணவே நாம் அன்று புறப்பட்டோம், ஹைமாவோடு திரும்பினோம். இரண்டாண்டு கழித்து, பழைய கொரோலா ஒன்றைப் பத்து நாள் ஆய்ந்து, புது டயர் பூட்டி, இரவில் ஓட்டாமல், ஒட்டகம் குறுக்கிடும் இடங்களில் மெல்லச் சென்று கோர் ரோரியை அடைந்தோம். அழகில்லாத கார், முன்கதவில் ஒரு நெளிவு. ஆயினும் நால்வரையும் ஏற்றிச் சென்று, நால்வரையும் கொண்டுவந்து சேர்த்தது. வெளிநாடு செல்லவிருக்கும் மாணவ நண்பர்கள், நம் ஊர் உழவன் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கும் அந்தப் பொறுமையை மறவாமல் உடன் எடுத்துச் செல்வார்களாக.