பத்பராட்சா: அரிய நிறமும் அதற்கான சான்றும்

இரத்தினபுரியின் நீலக்கற்களை அறியாதார் இல்லை. ஆனால் அதே மண்ணில் மிக அரிதாகக் கிடைக்கும் பத்பராட்சா என்னும் கல்லைப் பற்றி அறிந்தோர் குறைவு. இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் இணைந்த மென்மையான நிறமே இதன் தனிச்சிறப்பாகும். தாமரை நிறம் எனப் பொருள்படும் பத்மராகம் என்ற சொல்லின் சிங்கள வழக்கிலிருந்தே இப்பெயர் உலகச் சந்தைக்குச் சென்றது. தமிழில் பதுமராகம் என்பது சிவப்பு மாணிக்கத்தையே குறிப்பதால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

நீலக்கல், சிவப்பு மாணிக்கம், பத்பராட்சா ஆகிய மூன்றும் குருந்தம் என்னும் ஒரே கனியத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் இக்கனியத்துக்கு வழங்கும் பெயரும் தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்தே பிறந்தது. தூய அலுமினியம் ஒட்சைட்டுக்கு நிறம் கிடையாது. அதில் குரோமியம் சிறிதளவு கலந்தால் இளஞ்சிவப்பு தோன்றும். பளிங்கமைப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்கள் மஞ்சள் சாயலைத் தரும். இவ்விரண்டும் ஒன்றையொன்று விஞ்சாமல் ஒரே கல்லில் அமைவது அபூர்வம். ஒன்று சற்று மிகுந்தாலும் கல் தன் பெயரை இழந்து, அதன் விலையும் வெகுவாகக் குறைந்துவிடும்.

நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் இலங்கையிலிருந்து சென்ற ஏறத்தாழ 100 கரட் நிறையுடைய பத்பராட்சா உள்ளது. 2018இல் பிரித்தானிய இளவரசி யூஜினியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் இக்கல் இடம்பெற்றதையடுத்து, உலகின் கவனம் மேலும் இதன்பால் திரும்பியது. மடகஸ்கார், தன்சானியா போன்ற நாடுகளிலும் இவ்வகைக் கற்கள் கிடைக்கின்றன.

விலை உயர்ந்த இடத்தில் செயற்கையும் நுழைவது இயல்பே. 2001ஆம், 2002ஆம் ஆண்டுகளில் இந்நிறக் கற்கள் தாய்லாந்திலிருந்து பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. மிகையான வெப்பத்தில் பெரிலியத்தை உட்செலுத்தி நிறமூட்டப்பட்டவை அவை என்பது பின்னரே தெரியவந்தது. இத்தகைய கற்களைச் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியால் உறுதியாக இனங்காண இயலாது. விலைமிகுந்த ஆய்வுகூடக் கருவிகள் தேவை. இன்னும் சில கற்களின் நிறம் நாளடைவில் மங்கிவிடுவதால், நிறம் நிலைக்குமா என்பதையும் சோதித்தே சான்றிதழ் வழங்க வேண்டியுள்ளது.

அறிவின்மைக்கு நாம் கொடுத்த விலையைக் கெவுடக் கற்களின் வரலாறு காட்டும். பால்போல் மங்கிய அக்கற்கள் இங்கு மதிப்பற்றவையாகக் கருதப்பட்டன. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, சூடேற்றி உயர்ந்த நீலக்கற்களாக்கி விற்றனர். இலாபம் அவர்களுக்கே சென்றது.

இன்றும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. உயர்விலைக் கற்கள் சர்வதேச ஏலங்களில் பெரும்பாலும் சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வுகூடச் சான்றிதழ்களுடனேயே விற்கப்படுகின்றன. அச்சான்றைப் பெறுவதற்கான செலவையோ காலத்தையோ குழியில் இறங்கி அகழ்பவர் தாங்க முடியாது. பேருவளைச் சந்தையின் சிறு வியாபாரிக்கும் அது எளிதன்று. எனவே உள்நாட்டு ஆய்வுகூடங்களை உலகம் ஏற்கும் தரத்துக்கு உயர்த்துவதும், அவற்றின் சேவையை அகழ்வு நடைபெறும் இடங்களுக்கே கொண்டு செல்வதும் அவசியமாகும். கல்லுக்குச் செய்யப்பட்ட மாற்றத்தை மறைக்காது விற்பது வியாபாரிகளின் கடமை. வாங்குவோரும் நிறத்தை மட்டும் நம்பாது சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும். நிறத்தை இயற்கை தந்துவிட்டது. அதன் பெறுமதியைக் காக்கும் நம்பிக்கையை நாமே உருவாக்க வேண்டும்.